ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி: அசை, அழுத்தம், பொருள்

ஃபோட்டோகிராஃப், ஃபோட்டோகிராஃபி, ஃபோட்டோகிராஃபிக். மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் மூன்றிலும் முன்பாதியை ஒரே மாதிரி சொல்லிவிட்டு, கடைசியில் மட்டும் 'இ', 'இக்' என்று சேர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் சொன்னால் மூன்றும் வேறு வேறாகக் கேட்கும். முதல் சொல்லில் 'ஃபோ' ஓங்கி நிற்கும். இரண்டாவதில் அதே 'ஃபோ' தேய்ந்து 'ஃப' ஆகிவிட, அடுத்து வரும் 'டொ' ஓங்கும். மூன்றாவதில் 'கிரா' ஓங்கும். கடைசியில் ஒட்டிய ஒரு சின்ன விகுதி, சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் உயிரைக்கூட மாற்றிவிடுகிறது.

ஒரு சொல்லை நம்பிக்கையோடு உச்சரிக்கவும், தப்பில்லாமல் எழுதவும், அகராதி பக்கத்தில் இல்லாதபோது பொருளை ஊகிக்கவும் அதை மூன்று விதமாகப் பிரிக்கத் தெரிந்தால் போதும். எத்தனை அசை? எந்த அசையில் அழுத்தம்? பொருள் தரும் துண்டுகள் எவை? இந்த மூன்று கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இது கஷ்டமாகத் தெரிகிறது. 'கேட்ஸ்' என்ற சொல்லில் ஒரே ஓர் அசை, ஆனால் பொருள் தரும் துண்டு இரண்டு: பூனை, பன்மை காட்டும் 'எஸ்'. 'க்ராக்கடைல்' என்பதில் மூன்று அசை, ஆனால் பொருள் துண்டு ஒன்றுதான்; முதலையை மேலே பிரிக்க முடியாது. ஒலிக்கு ஒரு வெட்டு, பொருளுக்கு வேறு வெட்டு.

தமிழ் படித்த யாருக்கும் இது முற்றிலும் புதிதாக இருக்காது. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருக்கிறோம்: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். அந்தப் பழக்கம் இங்கே நேராகக் கைகொடுக்கும்.

ஒரு சின்ன ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் அசைகளுக்கு நடுவே சிறு கோடு போட்டிருக்கிறேன். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற குறி இருக்கும். அகராதிகளும் இதே குறியை இதே இடத்தில்தான் போடுகின்றன. தமிழ் எழுத்தில் ஆங்கில ஒலிகள் எல்லாவற்றையும் காட்ட முடியாது. ஆகவே எழுதியிருப்பதைப் பார்த்து, ஆங்கிலச் சொல்லை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி: உயிரொலியை எண்ணுங்கள்

ஒரு சொல்லில் எத்தனை உயிரொலி கேட்கிறதோ அத்தனை அசை. இங்கே 'கேட்கிறதோ' என்பது முக்கியம். எழுத்தை எண்ணினால் ஏமாந்துபோவோம். 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத ஒன்பது எழுத்துகள் வேண்டும். அசை ஒன்றே ஒன்று. 'ஏரியா'வுக்கு நான்கே எழுத்துகள், அசை மூன்று.

சந்தேகம் வந்தால் தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லை நிதானமாகச் சொல்லுங்கள். ஒவ்வோர் உயிருக்கும் தாடை கீழே இறங்கிக் கையில் படும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

எழுத்தில் இருந்தும் ஒலிக்காத உயிர்களைக் கழித்துவிடுங்கள். 'மேக்', 'ஹோம்', 'டைம்' போன்ற சொற்களின் கடைசியில் உள்ள 'இ' எழுத்து தான் ஒலிக்காமல் முந்தைய உயிரை நீட்டுவதற்காக நிற்கிறது. இறந்தகாலம் காட்டும் 'இ-டி' விகுதியிலும் இதே கதைதான். வினைச்சொல் 'ட்' ஒலியிலோ 'ட'கரத்தின் மெல்லிய ஒலியான 'டி' எழுத்தின் ஒலியிலோ முடிந்தால் மட்டுமே அந்த விகுதி தனி அசை ஆகும்: வான்-டிட், நீ-டிட். மற்ற இடங்களில் ஆகாது. 'ஹெல்ப்ட்' ஓர் அசை, 'க்ளீன்ட்' ஓர் அசை. 'ஹெல்ப்பெட்' என்று இரண்டாக்கிச் சொல்வது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் பிழை. பன்மையும் அப்படியே: 'கார்ஸ்' ஓர் அசை, ஆனால் 'பஸஸ்', 'வாட்சஸ்' இரண்டிரண்டு அசை.

உயிரெழுத்தே கேட்காமல் அசை உருவாகும் இடமும் உண்டு. 'டேபிள்', 'பாட்டில்', 'பட்டன்' ஆகியவற்றின் கடைசி அசையில் 'எல்', 'என்' ஒலிகளே உயிரின் வேலையைச் செய்கின்றன. 'டூரிசம்', 'சோஷலிசம்' போன்றவற்றின் கடைசி 'எம்' ஒலியும் அப்படித்தான்.

இனி நமக்கென்றே இருக்கும் சிக்கலுக்கு வருவோம். தமிழ் மரபில் சொல்லின் தொடக்கத்தில் தனி மெய் வராது. இரண்டு மெய்கள் சேர்ந்தும் வராது. அதனால் 'கிளாஸ்', 'பிளேட்', 'திரில்' என்று நடுவில் ஓர் இகரத்தை நுழைத்து எழுதுகிறோம். எழுதுவதில் தவறில்லை, அது நம் மொழியின் இயல்பு. ஆங்கிலம் பேசும்போதும் அந்த இகரம் கூடவே வந்துவிட்டால் ஓர் அசைச் சொல் இரண்டு அசை ஆகிறது. 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆவதும், 'ஃபில்ம்' என்பது 'ஃபிலிம்' ஆவதும் இந்த வகை. சொல்லின் முடிவில் உகரம் ஒட்டிக்கொண்டு 'பஸ்ஸு', 'புக்கு', 'கப்பு' என்று வருவதும் அதேதான். ஆகவே அசை எண்ணும்போது தமிழில் எழுதிப் பார்த்து எண்ணாதீர்கள். காதால் கேட்டு எண்ணுங்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஸ்பெல்லிங்கில் இருக்கும் எல்லா உயிரையும் விசுவாசமாகச் சொல்வது. ஆங்கிலேயர்கள் பல அசைகளை விழுங்கிவிடுகிறார்கள்: ˈவெஜ்-ட-பல், ˈகம்ஃப்-ட-பல், ˈசாக்-லட், ˈவென்ஸ்-டே, ˈபிஸ்-னஸ், ˈஎவ்-ரி. 'வெஜிடபிள்' என்பதை 'டேபிள்' மாதிரி முடிக்காதீர்கள்.

இன்னொன்று: இங்கே 'அசை' என்று நான் சொல்வது யாப்பிலக்கண அசை ஆகாது. யாப்பில் 'கடல்' ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்குப்படி 'க', 'டல்' என இரண்டு. நேர், நிரையை மறந்துவிட்டு உயிரை மட்டும் எண்ணுங்கள்.

எங்கே வெட்டுவது?

எத்தனை அசை என்று தெரிந்தபின் சரியாக எந்த எழுத்தில் வெட்டுவது என்பதில் ரொம்பவும் மெனக்கெட வேண்டாம். அகராதிகளே ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. 'நாலெட்ஜ்' என்பதை வரி முடிவில் உடைக்கும்போது பிரிட்டிஷ் வழக்கம் 'நோ' என்ற பகுதிக்குப் பின் வெட்டுகிறது, சொல்லின் பிறப்பைப் பார்த்து. அமெரிக்க வழக்கம் 'எல்' எழுத்தையும் முன்பக்கம் சேர்த்துக்கொண்டு வெட்டுகிறது, உச்சரிப்பைப் பார்த்து.

அகராதியில் தலைச்சொல்லுக்கு நடுவே புள்ளிகள் இருந்தால் அவை பெரும்பாலும் வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கான அடையாளம். அவற்றை அசைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ஓர் எழுத்தைத் தனியாக வரி முடிவில் விடும் வழக்கம் இல்லை என்பதால், 'அகெய்ன்' போன்ற இரண்டு அசைச் சொல்லில் புள்ளியே இல்லாமலும் இருக்கலாம். அசை வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் உச்சரிப்புக் குறிகளைப் பாருங்கள்.

வாசிக்கக் கற்கும் குழந்தைக்கு மட்டும் ஒரு விதி உதவும். இரண்டு உயிர்களுக்கு நடுவே இரண்டு மெய் இருந்தால் நடுவில் வெட்டு: நேப்-கின், ராப்-பிட். ஒரே மெய் இருந்தால் முதலில் அதற்கு முன்னால் வெட்டி, உயிரை நீட்டிச் சொல்லிப் பார்: ˈடை-கர். தெரிந்த சொல்லாக வரவில்லையா, மெய்யை முன்பக்கம் சேர்த்து உயிரைக் குறுக்கிச் சொல்: ˈரிவ்-அர்.

இரண்டாம் படி: அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள்

தமிழில் குறில் நெடிலானால் பொருள் மாறும்: படம், பாடம். எந்த எழுத்தை ஓங்கிச் சொன்னாலும் 'படம்' படம்தான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்கு வேறு சொல்லாகவே படும், அல்லது புரியாமலே போகும்.

அழுத்தம் என்றதும் சத்தமாகச் சொல்வது என்று நினைத்துக்கொள்கிறோம். சத்தம் அதில் ஒரு பங்குதான். அழுத்தம் பெறும் அசை சற்று நீளும், குரலின் சுருதி மாறும், அதன் உயிர் முழுமையாக ஒலிக்கும். மற்ற அசைகள் சுருங்கும். நம் ஆங்கிலத்தில் குறைவது இந்தச் சுருக்கம்தான். நாம் எல்லா உயிரையும் சமமாக, முழுசாகச் சொல்கிறோம். ஓங்க வேண்டிய அசை ஓங்கியும் கூட்டத்தில் தெரியாமல் போகிறது. எனவே ஓங்குவதை விட்டுவிட்டு முதலில் தேய்ப்பதைப் பழகுங்கள் என்றுதான் சொல்வேன்.

அப்படித் தேய்ந்த உயிருக்கு 'ஷ்வா' என்று பெயர். உச்சரிப்புக் குறியில் 'இ' என்ற சிறிய ஆங்கில எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் அதிகமாக வரும் உயிரொலி இதுதான். வாயை அதிகம் திறக்காமல், நாக்கை எங்கேயும் கொண்டுபோகாமல், அரைகுறையாகச் சொல்லும் 'அ'. 'பனானா'வில் முதல் 'ஏ' எழுத்தும் கடைசி 'ஏ' எழுத்தும் ஷ்வா. நடுவில் இருப்பது மட்டும் முழு உயிர்: ப-ˈனா-ன. தேய்ந்த உயிர் நமக்குப் புதிது கிடையாது. 'காசு', 'நாடு' ஆகியவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எந்த உயிரெழுத்தும், சொல்லின் எந்த இடத்திலும், அப்படிக் குறையலாம்.

சரி, அழுத்தம் எங்கே விழும் என்று எப்படித் தெரியும்? எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது. ஆனால் நீளமான சொற்களுக்கு ஓரளவு நம்பகமான வழி உண்டு. சொல்லின் வாலைப் பாருங்கள்.

'ஷன்', 'இக்', 'இட்டி', 'இயன்', 'இயல்' என்று முடியும் சொற்களில் விகுதிக்கு நேர் முன்னால் இருக்கும் அசை அழுத்தம் பெறும். எஜுகேஷன்: எ-ஜு-ˈகே-ஷன். எலெக்ட்ரிசிட்டி: இ-லெக்-ˈட்ரி-ஸி-டி. மியூசிக் என்பதில் முதல் அசை ஓங்கும், ஆனால் அதை வாசிப்பவர் ம்யூ-ˈஸி-ஷன். இண்டஸ்ட்ரி: ˈஇன்-டஸ்-ட்ரி, இண்டஸ்ட்ரியல்: இன்-ˈடஸ்-ட்ரி-அல். இந்தக் கடைசி இணையில் நம் ஊரில் பலர் இரண்டுக்கும் 'டஸ்' என்பதையே ஓங்குவார்கள். அகடெமி: அ-ˈகா-ட-மி; அகடெமிக்: அ-க-ˈடெ-மிக். 'இக்' விகுதிக்கு விலக்குகள் உண்டு: ˈபா-லி-டிக்ஸ், ˈஅ-ர-பிக், ˈகாத்-லிக், பெயர்ச்சொல்லாக வரும் அ-ˈரித்-ம-டிக். இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

'க்ரஸி', 'கிராஃபி', 'லஜி' என்று முடிந்தால் அவற்றுக்கு நேர் முன்னால் இருக்கும் உயிரில் அழுத்தம்: டி-ˈமொ-க்ர-ஸி, ஜி-ˈஆ-க்ர-ஃபி, பை-ˈஆ-ல-ஜி. ஒரே குடும்பத்துச் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பழகினால் காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்: ˈடெ-ம-க்ராட், டி-ˈமொ-க்ர-ஸி, டெ-ம-ˈக்ரா-டிக்.

சில விகுதிகள் அழுத்தத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். எம்ப்ளாயீ, வாலன்டியர், எஞ்சினியர், ஜாப்பனீஸ் ஆகியவற்றில் கடைசி அசை ஓங்கும்: என்-ஜி-ˈனியர், ஜா-ப-ˈனீஸ். 'கமிட்டி' இதற்கு விலக்கு, க-ˈமி-டி.

'ஏட்' என்று முடியும் நீண்ட வினைச்சொற்களில் கடைசியிலிருந்து மூன்றாவது அசை ஓங்கும்: ˈஎ-ஜு-கேட், க-ˈம்யூ-னி-கேட், பார்-ˈடி-ஸி-பேட். இங்கே ஒரு நுணுக்கம். 'கிராஜுவேட்' வினையாக வந்தால் கடைசி அசை 'ஏட்' என்று முழுசாக ஒலிக்கும். பட்டதாரி என்ற பெயர்ச்சொல்லாக வந்தால் 'அட்' என்று தேயும். அழுத்தம் இரண்டிலும் முதல் அசையில்தான்.

வேறு சில விகுதிகள் எதையும் அசைக்காமல் சும்மா வந்து ஒட்டிக்கொள்ளும்: நெஸ், லெஸ், ஃபுல், லி, மென்ட், இங், அர். 'டெவலப்' என்பது டி-ˈவெ-லப் என்றால் அதோடு 'மென்ட்' சேர்ந்தாலும் டி-ˈவெ-லப்-மன்ட்தான். முதல் அசையை ஓங்கி 'ˈடெவலப்மென்ட்' என்று சொல்வது இங்கே மிகப் பரவலாகக் கேட்கும்.

இரண்டு அசைச் சொற்களில் பெயர்ச்சொல்லுக்கு முதல் அசையும் வினைச்சொல்லுக்கு இரண்டாவது அசையும் ஓங்குவது பொதுவான போக்கு. ஒரே ஸ்பெல்லிங் இரண்டுக்கும் வரும்போது இது பளிச்சென்று தெரியும். ˈரெ-கார்ட் என்றால் பதிவு, ரி-ˈகார்ட் என்றால் பதிவு செய். ˈபர்-மிட் என்றால் உரிமம், பர்-ˈமிட் என்றால் அனுமதி கொடு. ˈப்ரெ-ஸன்ட் என்றால் பரிசு, ப்ரி-ˈஸென்ட் என்றால் முன்வை. இம்போர்ட், எக்ஸ்போர்ட், கண்டக்ட், ப்ராக்ரஸ் ஆகியவையும் இப்படித்தான். இதை எல்லாவற்றுக்கும் நீட்டிவிடாதீர்கள். 'விசிட்' எப்போதும் முதல் அசையில், 'ரிப்போர்ட்' எப்போதும் இரண்டாவதில்.

இரண்டு சொல் கூடி ஒரு பெயரானால் முதல் சொல் ஓங்கும். அமெரிக்க அதிபர் இருப்பது ˈவொயிட் ஹவுஸ். வெள்ளையடித்த ஏதோ ஒரு வீடு என்றால் 'ஹவுஸ்' என்பதும் ஓங்கும்.

மூன்றாம் படி: பகுதி, விகுதி, முன்னொட்டு

இனி ஒலியை ஓரமாக வைத்துவிட்டுப் பொருளுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு பகுதியைக் கற்றுக்கொண்டால் ஒரே நாளில் பத்துச் சொற்கள் திறந்துகொள்ளும்.

லத்தீனில் 'ஸ்பெக்ட்' என்றால் பார்த்தல். 'இன்' உள்ளே, இன்ஸ்பெக்ட், உள்ளே பார். 'ரி' திரும்ப, ரெஸ்பெக்ட், மதித்துத் திரும்பிப் பார். 'சப்' கீழே, சஸ்பெக்ட், கீழ்க்கண்ணால் பார், அதாவது சந்தேகப்படு. மூக்குக் கண்ணாடிக்கு ஸ்பெக்டகிள்ஸ் என்று பெயர் வந்ததும், வேடிக்கை பார்ப்பவர் ஸ்பெக்டேட்டர் ஆனதும் இதே பகுதியால். 'எக்ஸ்பெக்ட்' என்பதும் இந்தக் குடும்பம்தான்: வெளியே பார், யாராவது வருகிறார்களா என்று எதிர்பார். அதில் 'எஸ்' எழுத்து மட்டும் காணாமல் போயிருக்கிறது. காரணம், 'எக்ஸ்' எழுத்தின் ஒலியிலேயே 'ஸ்' இருப்பதால் இன்னொன்று தேவைப்படவில்லை. 'போர்ட்' என்றால் சுமத்தல்: இம்போர்ட், எக்ஸ்போர்ட், ட்ரான்ஸ்போர்ட், போர்ட்டபிள். 'டிக்ட்' என்றால் சொல்லுதல்: டிக்டேட், ப்ரெடிக்ட், கான்ட்ரடிக்ட், டிக்ஷனரி.

முன்னொட்டுகள் உருமாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'இல்லை' என்ற பொருள் தரும் 'இன்', 'பாசிபிள்' முன்னால் 'இம்' ஆகும், 'லீகல்' முன்னால் 'இல்' ஆகும், 'ரெகுலர்' முன்னால் 'இர்' ஆகும். மரம் என்பதோடு கள் சேர்ந்து மரங்கள் ஆனது ஏன்? அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப மூக்கொலி இடம் மாறியது. அதே புணர்ச்சிதான் இது.

புணர்ச்சி தெரிந்தால் ஸ்பெல்லிங் தானாக வரும். 'அக்காமடேட்' என்பதில் இரண்டு 'சி', இரண்டு 'எம்' ஏன்? 'அட்' என்ற முன்னொட்டின் 'டி' எழுத்து அடுத்த 'சி'க்கு ஏற்ப 'சி' ஆகிவிட்டது. அப்புறம் 'காம்' என்ற இன்னொரு முன்னொட்டு. அதன் பின் 'மாட்' என்ற பகுதி. இரண்டு முன்னொட்டுகளும் ஒவ்வோர் இரட்டை எழுத்தைக் கொடுத்துவிட்டன. 'செப்பரேட்' என்பதில் நடுவில் 'ஏ' எழுத்தா 'இ' எழுத்தா என்று காதுக்குத் தெரியாது, ஷ்வா எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பது 'ப்ரிப்பேர்' சொல்லில் உள்ள அதே 'பார்' பகுதி, எனவே 'ஏ'. 'டெஃபினிட்' உள்ளே 'ஃபைனைட்' இருக்கிறது, எனவே 'ஐ'. 'கவர்ன்மென்ட்' என்று சொல்லும்போது முதல் 'என்' கேட்பதே இல்லை; 'கவர்ன்' என்ற பகுதியை நினைத்துக்கொண்டால் விட்டுப்போகாது. 'சைன்' என்பதில் மௌனமாக இருக்கும் 'ஜி', 'சிக்னேச்சர்' என்று விகுதி சேர்ந்ததும் வாயைத் திறந்துவிடும். ஊமை எழுத்து எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் அந்தச் சொல்லின் நீளமான உறவினரைத் தேடிக் காட்டுங்கள்.

தவறாக வெட்டுவதும் எளிது. வெட்டியபின் மீதி இருப்பதற்குப் பொருள் இருக்கிறதா, துண்டுகளின் பொருளைக் கூட்டினால் சொல்லின் பொருள் வருகிறதா என்று இரண்டையும் கேளுங்கள். 'அங்கிள்' என்பதில் 'அன்' முன்னொட்டு கிடையாது. எரிபொருள் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். அங்கே 'இன்' என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு 'தீப்பிடிக்காது' என்று படித்தால் ஆபத்து. அது 'உள்ளே' என்ற பொருள் தரும் இன்னொரு 'இன்'. 'ஃப்ளேமபிள்' என்றாலும் 'இன்ஃப்ளேமபிள்' என்றாலும் எளிதில் தீப்பற்றும் என்றே பொருள். எந்த வரிசையில் ஒட்டுகிறோம் என்பதும் பொருளை மாற்றும். 'அன்லாக்கபிள்' என்பதில் 'லாக்கபிள்' முதலில் சேர்ந்து பிறகு 'அன்' வந்தால் பூட்ட முடியாதது. 'அன்லாக்' முதலில் சேர்ந்து பிறகு 'அபிள்' வந்தால் திறக்கக் கூடியது.

மக்களே தவறாக வெட்டி, அந்த வெட்டு நிலைத்துவிட்டதும் உண்டு. 'ஹாம்பர்கர்' ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் பெயரோடு 'அர்' சேர்ந்து வந்தது. அதை 'ஹாம்', 'பர்கர்' என்று பிரித்துக்கொண்டதால் சீஸ்பர்கர் பிறந்தது. 'ஹெலிகாப்டர்' இன்னும் அழகான உதாரணம். பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் தெ போன்டோன் தாமேகூர் 1861-இல் கிரேக்கத்திலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து இந்தப் பெயரை உருவாக்கினார். சுருள் என்ற பொருளில் 'ஹெலிகோ', இறக்கை என்ற பொருளில் 'ப்டர்'. நம் நாக்கு அதை ˈஹெ-லி-காப்-டர் என்று உடைப்பதால், 'ஹெலி' தனித் துண்டாகி ஹெலிபேட், ஹெலிபோர்ட் எல்லாம் வந்துவிட்டன.

மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம்

கண் ஆஸ்பத்திரிப் பலகையில் பார்க்கும் 'ஆஃப்தால்மாலஜிஸ்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

அசைகள் ஐந்து: ஆஃப், தல், மொ, ல, ஜிஸ்ட். முதலில் 'ஃப்', அடுத்து 'த்' என இரண்டு ஒலிகள். இரண்டுக்கும் 'ஹெச்' எழுத்து உண்டு. முதல் 'ஹெச்' எழுத்தை விட்டுவிடுவதுதான் இந்தச் சொல்லில் வழக்கமாக நேரும் ஸ்பெல்லிங் பிழை. அசையை ஒழுங்காகச் சொன்னால் அது நேராது.

பொருள் துண்டுகள்: 'ஆஃப்தால்ம்' கிரேக்கத்தில் கண், 'லாக்' என்பது இயல் அல்லது ஆய்வு, 'இஸ்ட்' அதைச் செய்பவர். கண்ணுக்கும் இயலுக்கும் நடுவில் ஓர் 'ஓ' மிச்சம் இருக்கிறது. அதற்குத் தனிப் பொருள் கிடையாது. மரம் என்பதோடு ஐ சேரும்போது மரத்தை என்று நடுவில் 'அத்து' வருகிறதே, அந்தச் சாரியை மாதிரிதான் இந்த 'ஓ'. இரண்டு துண்டுகளை இணைக்க மட்டும் வருகிறது.

இப்போது அழுத்தம். 'லஜி' குடும்பம் என்பதால் அதற்கு நேர் முன்னால் இருக்கும் உயிர் ஓங்க வேண்டும். 'இஸ்ட்' சேர்ந்தாலும் அந்த இடம் மாறாது. அந்த உயிர் எது? பொருளே இல்லாத அந்த இணைப்பு 'ஓ'! ஆஃப்-தல்-ˈமொ-ல-ஜிஸ்ட். கண் என்ற பகுதியும் ஓங்கவில்லை, இயல் என்ற பகுதியும் ஓங்கவில்லை. நடுவில் இணைக்க வந்த எழுத்துதான் சொல்லைத் தூக்கிப் பிடிக்கிறது. பை-ˈஆ-ல-ஜி, ஜி-ˈஆ-க்ர-ஃபி, தர்-ˈமா-மி-டர், தொடக்கத்தில் பார்த்த ஃப-ˈடொ-க்ர-ஃபி எல்லாவற்றிலும் இதே 'ஓ'தான் ஓங்குகிறது. இதை ஒருமுறை கவனித்துவிட்டால் அறிவியல், மருத்துவச் சொற்களில் பாதிக்கு அகராதி தேவைப்படாது.

மருத்துவச் சொற்களை இப்படிப் பிரிக்கக் கற்பது உச்சரிப்புக்கு அப்பாலும் உதவும். 'ஈமியா' என்றால் ரத்தம் தொடர்பானது, 'கிளை' என்ற துண்டு சர்க்கரை. 'ஹைப்போ' குறைவு, 'ஹைப்பர்' அதிகம். ஹைப்போகிளைசீமியா ரத்தத்தில் சர்க்கரை குறைவது, ஹைப்பர்கிளைசீமியா கூடுவது. சர்க்கரை நோயாளி உள்ள வீட்டில் இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டியதற்கு நேரெதிராகச் செய்துவிடுவோம். அழுத்தம் இரண்டிலும் 'ஸீ' என்ற அசையில் விழுவதால் முன்னொட்டு மெதுவாகத்தான் கேட்கும். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் திரும்பக் கேளுங்கள். அப்புறம், 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி: டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ். 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி அகற்றுதல்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு புதுச் சொல் கிடைத்தால் முதலில் வாலைப் பார்த்து அழுத்தத்தை ஊகியுங்கள். பிறகு அகராதியைத் திறந்து ˈ குறி எங்கே இருக்கிறது என்று சரிபாருங்கள். கீழே தாழ்ந்து இருக்கும் ˌ குறி துணை அழுத்தம். தொடக்கத்தில் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒலிப்பதிவு இருந்தால் கேட்டு, ஓங்கும் அசையில் மட்டும் மேசையைத் தட்டிக்கொண்டு நான்கைந்து முறை சொல்லுங்கள். ஊகிக்காமல் நேரே அகராதிக்குப் போனால் மனதில் தங்காது.

பயிற்சிக்கு நான்கு சொற்கள்: யுனிவர்சிட்டி, கார்டியாலஜிஸ்ட், ட்ரான்ஸ்ஃபர்மேஷன், அன்கம்ஃபர்டபிள். கீழே பார்க்காமல் ஒவ்வொன்றிலும் அசை, அழுத்தம், துண்டுகள் மூன்றையும் தாளில் எழுதுங்கள்.

யூ-னி-ˈவர்-ஸி-டி: ஐந்து அசை. 'யுனி' ஒன்று, 'வர்ஸ்' திரும்புதல், 'இட்டி' விகுதி. ரிவர்ஸ், கன்வர்ட் எல்லாம் இந்த 'வர்ஸ்' குடும்பம்.

கார்-டி-ˈஆ-ல-ஜிஸ்ட்: ஐந்து அசை. 'கார்டி' இதயம், 'லாக்', 'இஸ்ட்'. அழுத்தம் இணைப்பு 'ஓ'வில்.

ட்ரான்ஸ்-ஃப-ˈமே-ஷன்: நான்கு அசை. 'ட்ரான்ஸ்' ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, 'ஃபார்ம்' வடிவம், 'ஏஷன்' விகுதி. 'ஃபார்ம்' தனியாக நின்றபோது முழுசாக ஒலித்த உயிர் இங்கே ஷ்வாவாகத் தேய்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

அன்-ˈகம்ஃப்-ட-பல்: நான்கு அசை. 'அன்' இல்லை, 'கம்', 'ஃபோர்ட்' வலிமை, 'அபிள்' கூடியது. கோட்டையைக் குறிக்கும் 'ஃபோர்ட்', முயற்சியைக் குறிக்கும் 'எஃபர்ட்' இரண்டும் இதே பகுதியிலிருந்து வந்தவை. இங்கே 'ஃபோர்ட்' என்ற துண்டை நாக்கு இரண்டாக உடைத்து, பாதியை முந்தைய அசைக்கும் பாதியை அடுத்த அசைக்கும் கொடுத்து, நடுவில் இருந்த உயிரை விழுங்கியும் விட்டது. ஸ்பெல்லிங்கில் மட்டும் அது முழுசாக இருக்கிறது.